நான்காம் மாடி கேட்கிறது

பத்தேகாலுக்கு ஷட்டர் இறங்கியது.
லாரன்ஸ் ரோட்டில் கடைசி டவுன்பஸ்
காலியாய்ப் போனது.
ஆறு மாடிக்கும் விளக்கணைத்துவிட்டு
பிளான்ட் ரூமில் வந்து உட்கார்ந்தால்
சில்லர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது,
பந்தி முடிந்த மண்டபத்தில்
இன்னும் சாம்பார் கொதிப்பதுபோல.

யாரோ கேட்கிறார்கள், அதனால் ஓடுகிறது.
கேட்காமல் ஓடும் எந்திரத்தை
இந்தப் பதினோரு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

போகிற தண்ணீர் ஏழு டிகிரி.
வருகிற தண்ணீர் எட்டு.
பன்னிரண்டாய் வரவேண்டும்.
ஆட்களின் சூட்டை, விளக்குகளின் சூட்டை,
ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தின் மூச்சை
வாங்கிக்கொண்டு களைத்து வரவேண்டும்.
இது
வேலைக்குப் போவதாய்ச் சொல்லிவிட்டு
சில்வர் பீச்சில் உட்கார்ந்து எழுந்து வந்த பிள்ளை மாதிரி
சட்டை கசங்காமல் திரும்புகிறது.

மிஷின் பழசு, மாத்தணும் என்று
கம்பெனிக்காரர் கொடுத்துப்போன கொட்டேஷன்
நாற்பத்தெட்டு லட்சம்.
முதலாளி அதை மடித்து
மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்.
மேனேஜர் தெய்வசிகாமணி
மாதாமாதம் கரண்ட் பில்லை
என் மேஜையில் போட்டுவிட்டு
ஒன்றும் சொல்லாமல் நிற்பார்.
திட்டினால்கூடத் தேவலை.

அஞ்சலாட்சிதான் சொன்னாள்,
பக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு:
"நாலாவது மாடி தொடைச்சா
காயவே மாட்டேங்குதுண்ணே.
ஸ்வெட்டர் போட்டுக்கினுதான் போறேன்."
எத்தனை நாளா?
"நான் சேந்த நாளா."
அவள் சேர்ந்து இரண்டு வருடம்.
என் திரையில் அந்த மாடி இருபத்தொன்பது டிகிரி.
திரையைத்தான் கேட்டேன்,
அவளை ஒருநாளும் கேட்கவில்லை.

முன்பு முகூர்த்தப் பட்டு இருந்த இடம்.
கீழே மாற்றியபிறகு
உடைந்த பொம்மைகளை அங்கே நிறுத்திவைத்தார்கள்.
கை இல்லாத மணப்பெண்கள்,
தலை கழன்ற ஒரு மாப்பிள்ளை,
பள்ளிச் சீருடையில் மூக்கு போன இரண்டு பையன்கள்.
டார்ச்சோடு போனேன்.
கையிலிருந்த மீட்டரில் பதினேழு.
ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம்
கெடிலத்திலிருந்து வந்த காற்று
வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

சென்சார் தூணில் இருந்தது, தோள் உயரத்தில்.
அதற்கு ஒட்டினாற்போல் கீழே
யாரோ மாட்டிய மகாலட்சுமி,
மகாலட்சுமிக்கு ஒரு சிவப்பு பல்பு.
சாமி விளக்குக்குத் தனி லைன்,
அணைக்க யாருக்கும் மனசு வராது.
ஜீரோ வாட்ஸ் என்று பெயர்,
பதினைந்து வாட் குடிக்கும்.
கஸ்டமர் நின்றுபோன மாடியில்
இரவும் பகலும் எரிந்து
சென்சாரின் காதில் ஓதிக்கொண்டேயிருந்திருக்கிறது
சுடுகிறது, சுடுகிறது என்று.
நூற்றிருபது டன் எந்திரம்
பயபக்தியோடு கேட்டிருக்கிறது.

படத்தைக் கழற்றினேன், கும்பிட்டுவிட்டுத்தான்.
எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.
பதினைந்து நிமிடம்.
மின்விசிறியின் இரைச்சல் தணிந்தது,
வால்வு மூடுவது குழாய்க்குள் கேட்டது,
பிறகு, வெகு கீழே,
சில்லர் ஒரு குலுக்கலோடு நின்றது.
அந்த நிசப்தத்தில்
ஒரு மணப்பெண்ணின் மிச்சக் கை கழன்று விழுந்ததையும்
நான் அலறியதையும்
லாக் புத்தகத்தில் எழுதவில்லை.

மச்சான் தனவேலுக்கு நெய்வேலியில்
காண்ட்ராக்ட் ஷிப்ட்.
கன்வேயருக்கு அடியில் சிந்தும் பழுப்பு நிலக்கரியை
அள்ளி மேலே போடுகிற வேலை.
இரண்டு வருடமாய்
அவன் ராத்திரி அள்ளியதில் எத்தனை கூடை
இந்தத் தலையில்லாத மாப்பிள்ளை
வேர்க்காமல் நிற்பதற்குப் போயிருக்கும்?
கணக்குப் போடத் தெரியும்.
போடவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன்.
ஒரு பல்பா? என்றார்.
சாமி படமா? என்றார்.
முதலாளியிடம் இதை எப்படி எடுத்துச்சொல்வது என்று
நெற்றியைத் தேய்த்தார்.
கொட்டேஷன் இன்னும் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில்தான்.

லாக் புத்தகம், மாலை ஆறு மணி:
போனது ஏழு, வந்தது பதினொன்றரை.
குறிப்பு என்ற கட்டத்தில்
அஞ்சலாட்சி என்று எழுதினேன்.
இனிஷியல் தெரியவில்லை.
கேட்டுவரப் படியேறினேன்.
ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு
பொம்மைகளின் காலடியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.
"வேர்க்குதுண்ணே" என்றாள்,
என்மேல் புகார் சொல்வதுபோல.